பலவீனத்தில் பிறந்த குடியரசு: ஐக்கிய அமெரிக்காவின் முதல் நாற்பது ஆண்டுகள்

ஐக்கிய அமெரிக்கா என்றதும் உலகின் சமுத்திரங்களெங்கும் உலாவும் விமானந்தாங்கிக் கப்பல்களும், கண்டங்கள் தோறும் அமைந்துள்ள படைத்தளங்களுமே நம்மவர்களின் நினைவுக்கு வருகின்றன. ஆனால், 1785 ஆம் ஆண்டில் அந்த நாட்டிடம் சொந்தமாக ஒரு போர்க்கப்பல்கூட இருக்கவில்லை. சுதந்திர யுத்தத்தில் பங்கேற்ற கடைசிப் போர்க்கப்பலையும் பராமரிக்கப் பணமின்றி அவ்வருடம் அந்நாட்டின் காங்கிரஸ் விற்றுவிட்டது. அந்த நிலையிலிருந்த ஒரு நாடு, 1823 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண்டங்களின் அலுவல்களில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடக்கூடாது என்று பகிரங்கமாக எச்சரிக்கும் அளவுக்கு உயர்ந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன என்பது, பெரிய நாடுகளின் போட்டிகளுக்கு நடுவே வாழ நிர்ப்பந்திக்கப்பட்டிருக்கும் எந்தச் சிறிய நாட்டு மக்களும் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

கடனில் மூழ்கிய கூட்டமைப்பு

1783 செப்டெம்பரில் கைச்சாத்திடப்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் பிரித்தானியா பதின்மூன்று குடியேற்றங்களின் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது. மேற்கே மிசிசிப்பி நதி வரையிலான நிலப்பரப்பு புதிய நாட்டுக்கு உரியதென உடன்படிக்கை கூறியது. எனினும், அது வரைபடத்தில் மாத்திரமே உண்மையாக இருந்தது. டெட்ரோயிட், நயாகரா போன்ற வடமேற்குக் கோட்டைகளை விட்டு வெளியேற பிரித்தானியப் படைகள் மறுத்தன. லூசியானாவையும் புளோரிடாவையும் வைத்திருந்த ஸ்பெயின், 1784 இல் மிசிசிப்பி நதியின் முகத்துவாரத்தை அமெரிக்க வர்த்தகத்துக்கு மூடியது. இடைப்பட்ட நிலமோ அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வீகக் குடிகளின் கைகளில் இருந்தது. பாரிஸில் கைச்சாத்திட்ட எவரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்நாட்டிலும் நிலைமை சீராக இருக்கவில்லை. 1781 முதல் நடைமுறையிலிருந்த கூட்டமைப்புச் சாசனத்தின்படி மத்திய காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. மாநிலங்கள் மனமுவந்து கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. பணமில்லாத அரசுக்குப் படையும் இல்லை. படையில்லாத அரசின் சொல்லுக்கு வெளிநாடுகளில் பெறுமதியும் இல்லை. 1787 இல் வரையப்பட்டு 1789 இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு வரி விதிக்கவும், படை திரட்டவும், வெளிநாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தவும் மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தமைக்கு இந்த அவமானங்களும் பிரதான காரணமாகும். 1790 இல் எடுக்கப்பட்ட முதலாவது குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 39 இலட்சம். அவர்களுள் சுமார் 7 இலட்சம் பேர் அடிமைகள்.

மொரோக்கோவின் நட்பும் திரிப்போலியின் யுத்தமும்

புதிய குடியரசின் முதலாவது வெளிநாட்டு நெருக்கடி மத்தியதரைக் கடலில் தோன்றியது. அதுவரை பிரித்தானியக் கொடியின் பாதுகாப்பில் பயணித்த அமெரிக்க வர்த்தகக் கப்பல்கள், சுதந்திரத்துடன் அந்தப் பாதுகாப்பை இழந்தன. வட ஆபிரிக்கக் கரையோரத்திலிருந்த மொரோக்கோ, அல்ஜியர்ஸ், டியூனிஸ், திரிப்போலி ஆகிய அரசுகள், தம்முடன் உடன்படிக்கை செய்யாத நாடுகளின் கப்பல்களைக் கைப்பற்றி மாலுமிகளைச் சிறைப்பிடிக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தன. பிரித்தானியா, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் இவற்றுக்குப் பணமும் பொருளும் கொடுத்தே தமது கப்பல்களைப் பாதுகாத்து வந்தன. இது ஒருதலைப்பட்சமான வழக்கமும் அன்று. மோல்ட்டாவைத் தளமாகக் கொண்ட கிறிஸ்தவ வீரர் சங்கத்தினரும் முஸ்லிம் கப்பல்களைப் பிடித்து, அவற்றிலிருந்தோரை அடிமைகளாக்கி வந்தனர்.

இந்நான்கு அரசுகளுள் மொரோக்கோ தனித்து நின்றது. அமெரிக்கச் சுதந்திர யுத்தம் நடைபெற்றுக்கொண்டிருந்த 1777 டிசம்பரிலேயே சுல்தான் முஹம்மத் பின் அப்துல்லாஹ் அமெரிக்கக் கப்பல்களுக்குத் தமது துறைமுகங்களைத் திறந்துவிட்டார். 1786 இல் இரு நாடுகளுக்குமிடையே ஏற்பட்ட சமாதான நட்புறவு உடன்படிக்கை 1836 இல் புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்கா வேறெந்த நாட்டுடனும் இவ்வளவு நீண்ட காலம் முறிவடையாத உடன்படிக்கை உறவைக் கொண்டிருக்கவில்லை. அந்தப் பெருமை ஒரு முஸ்லிம் நாட்டுக்கே உரியது என்பது இன்று பலரும் அறியாத செய்தி.

அல்ஜியர்ஸின் விடயம் வேறு. 1785 இல் இரண்டு அமெரிக்கக் கப்பல்களையும், 1793 இல் மேலும் பதினொரு கப்பல்களையும் அது கைப்பற்றியது. சிறைப்பட்ட மாலுமிகள் குறித்து அமெரிக்காவில் ஆத்திரம் கிளம்பியது. அந்த ஆத்திரத்திலிருந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியவர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஆவார். தமது மறைவுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 1790 மார்ச்சில், அவர் ஒரு நையாண்டிக் கட்டுரையை வெளியிட்டார். கிறிஸ்தவ அடிமைகளை விடுதலை செய்யலாகாது என்று அல்ஜியர்ஸ் பிரமுகர் ஒருவர் வாதிடுவது போல எழுதப்பட்ட அக்கட்டுரையின் வாதங்கள், அமெரிக்கக் காங்கிரஸில் கறுப்பின அடிமைமுறையை நியாயப்படுத்தி ஜோர்ஜியா மாநிலப் பிரதிநிதி ஒருவர் முன்வைத்த வாதங்களின் மறுபதிப்பாகவே அமைந்திருந்தன.

1795 இல் அல்ஜியர்ஸுக்கு 6 இலட்சத்து 42 ஆயிரத்து 500 டொலரும், வருடாந்தம் கப்பற்படைத் தளபாடங்களும் வழங்க அமெரிக்கா இணங்கியது. இவ்வாறு கப்பம் செலுத்திய அதேவேளை, 1794 இல் ஆறு போர்க்கப்பல்களைக் கட்டவும் காங்கிரஸ் அனுமதி வழங்கியிருந்தது. திரிப்போலியுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையை 1797 ஜூனில் செனட் சபை ஏகமனதாக அங்கீகரித்தது. அதன் ஆங்கிலப் பிரதியின் 11 ஆம் உறுப்புரை, அமெரிக்க அரசாங்கம் எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதல்ல என்றும், முஸ்லிம்களின் சட்டங்களுடனோ மார்க்கத்துடனோ அதற்குப் பகைமை எதுவும் இல்லை என்றும் குறிப்பிட்டது.

அந்த உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. தனக்குக் கிடைக்கும் தொகை போதாது எனக் கருதிய திரிப்போலி ஆட்சியாளர் யூசுப் கரமன்லி, 1801 மே மாதத்தில் அமெரிக்கத் தூதரகத்தின் கொடிக்கம்பத்தை வெட்டிச் சாய்த்து யுத்தப் பிரகடனம் செய்தார். 1803 இல் பிலடெல்பியா என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் திரிப்போலிக் கரையில் தரைதட்டி, அதிலிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோருடன் சிறைப்பட்டது. 1805 இல் அமெரிக்க அதிகாரியான வில்லியம் ஈட்டன், ஆட்சியை இழந்திருந்த யூசுப்பின் சகோதரர் அஹ்மத் கரமன்லியை அரியணையில் அமர்த்துவதாகக் கூறி, எகிப்திலிருந்து பாலைவனம் கடந்து சென்று டேர்னா நகரைக் கைப்பற்றினார். ஆனால், அதே வருடம் ஜூனில் யூசுப்புடனேயே சமாதானம் எட்டப்பட்டது. கைதிகளுக்காக 60 ஆயிரம் டொலர் மீட்புப் பணம் கொடுக்கப்பட்டது. நம்பி வந்த அஹ்மத் கைவிடப்பட்டார்.

2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர் மேலைநாட்டு எழுத்தாளர் சிலர் இந்த யுத்தத்தை இஸ்லாத்துக்கும் மேற்குலகுக்கும் இடையிலான முதலாவது மோதலாகச் சித்திரிக்க முற்பட்டனர். அன்றைய ஆவணங்கள் அதற்கு இடமளிக்கவில்லை. வர்த்தகக் கடல்வழி, கப்பத்தின் அளவு, கைதிகளின் விலை என்பவையே அங்கு பேசப்பட்டன. மொரோக்கோவுடனான நட்பும், 1797 இன் 11 ஆம் உறுப்புரையும் இதற்குப் போதிய சான்றுகளாகும்.

நடுநிலைமைக்குக் கொடுத்த விலை

1793 இல் பிரித்தானியாவும் புரட்சிகர பிரான்சும் யுத்தத்தில் இறங்கியபோது ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் நடுநிலைமையைப் பிரகடனம் செய்தார். இது இலகுவான முடிவாக இருக்கவில்லை. 1778 ஆம் ஆண்டின் நேச உடன்படிக்கையின்படி பிரான்ஸ் அமெரிக்காவின் நட்பு நாடு. அதன் உதவியின்றிச் சுதந்திரம் கிட்டியிராது. மறுபுறம், புதிய அரசின் வருமானத்தில் பெரும்பகுதி இறக்குமதித் தீர்வையிலிருந்து கிடைத்தது; அந்த இறக்குமதியின் பெரும்பகுதி பிரித்தானியாவிலிருந்து வந்தது.

1794 இல் பிரதம நீதியரசர் ஜோன் ஜே லண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையால் வடமேற்குக் கோட்டைகளிலிருந்து பிரித்தானியப் படைகள் 1796 இல் வெளியேறின. ஆயினும், அமெரிக்க மாலுமிகளை பிரித்தானியக் கடற்படை பலாத்காரமாகப் பிடித்துச் செல்வதை நிறுத்தும் ஏற்பாடு எதுவும் அதில் இருக்கவில்லை. ஆத்திரமுற்ற மக்கள் ஜோன் ஜேயின் கொடும்பாவிகளை எரித்தனர். இந்த உடன்படிக்கையால் அமெரிக்கா பிரித்தானியாவின் பக்கம் சாய்ந்துவிடும் என அஞ்சிய ஸ்பெயின், 1795 இல் மிசிசிப்பி நதியைத் திறந்துவிட்டதுடன் நியூ ஓர்லியன்ஸில் பொருட்களை இறக்கி வைக்கும் உரிமையையும் வழங்கியது. ஒரு வல்லரசுடன் பேசினால் மற்றொரு வல்லரசு இறங்கி வரும் என்ற பாடத்தைப் புதிய குடியரசு இங்கேயே கற்றுக்கொண்டது. நிரந்தரமான அந்நிய நேச உறவுகளைத் தவிர்க்க வேண்டும் என்று 1796 இல் தமது பிரியாவிடைச் செய்தியில் வொஷிங்டன் அறிவுறுத்தியதும் இந்த அனுபவத்தின் பின்னணியிலேயாகும்.

பிரான்ஸோ இதனைத் துரோகமாகவே பார்த்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் ஒரே வருடத்தில் 300 க்கும் மேற்பட்ட அமெரிக்க வர்த்தகக் கப்பல்களைப் பிடித்தன. சமரசம் பேசச் சென்ற தூதுவர்களிடம் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் தலேரானின் முகவர்கள் இலஞ்சம் கேட்ட செய்தி 1798 இல் வெளியானதும் யுத்த வெறி நாடெங்கும் பரவியது. பிரகடனப்படுத்தப்படாத கடல் யுத்தம் 1800 வரை நீடித்தது.

இந்த இடத்தில் பத்திரிகை வாசகர்கள் கவனிக்க வேண்டிய விடயமொன்று உண்டு. வெளிநாட்டு அபாயத்தைக் காரணங்காட்டி 1798 இல் நிறைவேற்றப்பட்ட சட்டங்கள், குடியுரிமை பெறுவதற்கான வதிவிடக் காலத்தை 5 வருடங்களிலிருந்து 14 வருடங்களாக உயர்த்தின. அரசாங்கத்தை விமர்சித்து எழுதுவது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. பேச்சுச் சுதந்திரத்தை உறுதிப்படுத்திய முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து ஏழு வருடங்கள்கூட நிறைவடையாத நிலையில் பத்திரிகை ஆசிரியர்கள் சிறை சென்றனர். வேர்மொண்ட் மாநில காங்கிரஸ் உறுப்பினர் மத்தியூ லயன் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்தவாறே அவர் மீண்டும் தெரிவு செய்யப்பட்டமை மக்கள் அளித்த பதிலாகும். 1800 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜோன் அடம்ஸின் அரசு தோல்வியுற்றது. அச்சட்டம் 1801 இல் காலாவதியானது.

ஹெயிட்டியின் தியாகமும் லூசியானாவின் கொள்முதலும்

1800 இல் ஸ்பெயின் இரகசிய உடன்படிக்கையொன்றின் மூலம் லூசியானாவை பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவில் மீண்டும் ஒரு பிரெஞ்சு சாம்ராஜ்யத்தை நிறுவுவது நெப்போலியனின் கனவாக இருந்தது. அதற்கு முதற்படியாக, அடிமைகள் கிளர்ந்தெழுந்து அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்த கரீபியன் குடியேற்றமான சென் டொமிங்கை மீளக் கைப்பற்ற அவர் தமது மைத்துனர் லெக்லேயர் தலைமையில் பெரும் படையொன்றை அனுப்பினார்.

பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே ஏற்பட்டு, 1802 மார்ச்சில் அமியென் உடன்படிக்கையாக உறுதிசெய்யப்பட்ட சமாதானம் இந்தப் படையெடுப்புக்குக் கடல்வழியை இலகுவாக்கியது. ஒல்லாந்தரிடமிருந்த இலங்கையின் கரையோரப் பிரதேசங்கள் சட்டபூர்வமாக பிரித்தானியாவுக்கு உரித்தானதும் இதே உடன்படிக்கையினாலேயாகும். ஐரோப்பாவில் இடப்பட்ட ஒரு கையொப்பம் நமது தீவினதும் தொலைதூரக் கரீபியன் தீவொன்றினதும் தலைவிதியை ஒருசேரத் தொட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால், சென் டொமிங் மக்களின் எதிர்ப்பும் மஞ்சட் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையைச் சிதைத்தன. லெக்லேயரும் 1802 நவம்பரில் மாண்டார். பிரித்தானியாவுடன் மீண்டும் யுத்தம் நெருங்கிய வேளையில் நெப்போலியனுக்கு லூசியானா வேண்டாத சுமையாகியது. நியூ ஓர்லியன்ஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் விலை பேசச் சென்றிருந்த அமெரிக்கத் தூதுவர்களிடம் முழு லூசியானாவையும் விற்க அவர் முன்வந்தார். 1803 ஏப்ரல் 30 ஆம் திகதியிட்ட உடன்படிக்கையின்படி 1 கோடியே 50 இலட்சம் டொலருக்கு 8 இலட்சத்து 28 ஆயிரம் சதுர மைல் நிலம் கைமாறியது. இலங்கையின் பரப்பளவைப் போல முப்பது மடங்குக்கும் அதிகமான இந்நிலத்தினால் அமெரிக்காவின் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகியது.

இந்தப் பெரும்பேற்றுக்கு மூலகாரணம் தமது விடுதலைக்காக உயிர்நீத்த கறுப்பின மக்களின் போராட்டமாகும். அவர்கள் 1804 ஜனவரி முதலாம் திகதி ஹெயிட்டி என்ற சுதந்திர நாட்டைப் பிரகடனம் செய்தனர். அதனை அங்கீகரிக்க அமெரிக்கா 1862 வரை மறுத்துவந்தது. அடிமைகள் அமைத்த குடியரசை அங்கீகரித்தால் தமது தோட்டங்களிலும் கிளர்ச்சி வெடிக்கும் என்று தென் மாநிலத்தார் அஞ்சியதே அதற்குக் காரணம்.

வர்த்தகத் தடையும் 1812 யுத்தமும்

1803 இல் மீண்டும் மூண்ட ஐரோப்பிய யுத்தத்தில் இரு தரப்பினரும் நடுநிலைக் கப்பல்களைப் பறிமுதல் செய்தனர். பிரித்தானியக் கடற்படை 1803 க்கும் 1812 க்கும் இடையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க மாலுமிகளைப் பலாத்காரமாகச் சேவையில் ஈடுபடுத்தியதாக அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. 1807 ஜூனில் பிரித்தானியப் போர்க்கப்பலான லெப்பர்ட், செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சுட்டு மூவரைக் கொன்று, நால்வரைப் பிடித்துச் சென்றது.

யுத்தத்துக்குத் தயாரில்லாத ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன், 1807 டிசம்பரில் சகல ஏற்றுமதிகளையும் தடைசெய்தார். அமெரிக்கப் பொருட்கள் இல்லாவிடில் வல்லரசுகள் பணியும் என்பது அவரது கணிப்பு. நடந்ததோ வேறு. அமெரிக்காவின் ஏற்றுமதி 1807 இல் 10 கோடியே 80 இலட்சம் டொலராக இருந்து, 1808 இல் 2 கோடியே 20 இலட்சம் டொலராக வீழ்ந்தது. துறைமுகங்கள் வெறிச்சோடின; கள்ளக்கடத்தல் பெருகியது; வல்லரசுகள் அசையவில்லை. 1809 மார்ச்சில் தடை கைவிடப்பட்டது. தன்னை மட்டுமே தண்டிக்கும் பொருளாதாரத் தடைக்கு இது ஆரம்பகால உதாரணமாகும்.

1812 ஜூன் 18 இல் ஜேம்ஸ் மடிசனின் அரசு பிரித்தானியா மீது யுத்தம் பிரகடனம் செய்தது. பிரதிநிதிகள் சபையில் 79 பேர் ஆதரவாகவும் 49 பேர் எதிராகவும் வாக்களித்தமை நாடு எந்தளவுக்குப் பிளவுபட்டிருந்தது என்பதைக் காட்டும். அமெரிக்கக் கப்பல்களைப் பாதித்த வர்த்தகக் கட்டளைகளை அதே மாதத்தில் லண்டன் இரத்துச் செய்திருந்தது. ஆனால், அந்தச் செய்தி அத்திலாந்திக் கடலைக் கடந்து வருவதற்குள் யுத்தம் ஆரம்பித்துவிட்டது.

கனடாவைக் கைப்பற்றும் முயற்சிகள் தோல்வியுற்றன. 1813 இல் அமெரிக்கப் படையினர் யோர்க் நகரின் அரச கட்டடங்களுக்குத் தீ வைத்தனர். 1814 ஓகஸ்ட் 24 இல் பிரித்தானியப் படையினர் வொஷிங்டன் நகருள் புகுந்து ஜனாதிபதி மாளிகையையும் காங்கிரஸ் கட்டடத்தையும் எரித்தனர். 1814 டிசம்பர் 24 இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் சமாதானம் கைச்சாத்தானது. யுத்தத்துக்கு முன்பிருந்த எல்லைகளே மீண்டும் உறுதிசெய்யப்பட்டன. மாலுமிகளைப் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. சமாதானச் செய்தி வந்து சேருமுன் 1815 ஜனவரி 8 இல் நியூ ஓர்லியன்ஸில் அன்ட்ரூ ஜக்சன் ஈட்டிய வெற்றி, சமநிலையில் முடிந்த யுத்தத்தை வெற்றியாக மக்கள் நினைவில் பதித்தது. அதே வருடம் அமெரிக்கக் கடற்படை அல்ஜியர்ஸுக்குச் சென்று கப்பம் செலுத்தும் முறைக்கும் முடிவு கட்டியது.

நமது நாட்டுக்கும் இந்த யுத்தத்தின் சாயல் எட்டியது. 1812 இல் இந்தியாவுக்கு வந்த முதலாவது அமெரிக்க மிஷனரிமாரை, கிழக்கிந்தியக் கம்பனி அங்கு தங்க அனுமதிக்கவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813 இல் இலங்கையை அடைந்தார். சமாதானம் மலர்ந்த பின்னர் 1815 இல் புறப்பட்ட குழுவினர் 1816 இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தில் தமது பணியை ஆரம்பித்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் ஆற்றிய கல்விப்பணி நாம் அறிந்ததே.

மேசையில் இடம் இல்லாதவர்கள்

1812 யுத்தத்தில் உண்மையாகத் தோற்றவர்கள் பூர்வீகக் குடிகளே. ஷோனி இனத்தின் தலைவரான தெகும்சே, பல்வேறு இனக்குழுக்களை ஒன்றிணைத்து, ஒரு குழு தனித்து நிலத்தை விற்க முடியாது என்ற கோட்பாட்டை முன்வைத்தவர். பிரித்தானியரின் பக்கம் நின்று போரிட்ட அவர் 1813 ஒக்டோபரில் கொல்லப்பட்டார். அவருடன் அந்தக் கூட்டமைப்பும் சிதறியது. தெற்கில் கிறீக் இனத்தவர் 1814 ஓகஸ்ட் உடன்படிக்கையினால் 2 கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை இழந்தனர். ஜக்சனின் பக்கம் நின்று போரிட்ட கிறீக் மக்களின் நிலமும் அதில் அடங்கியிருந்தது.

கென்ற் பேச்சுவார்த்தையின் ஆரம்பத்தில், பூர்வீகக் குடிகளுக்கெனத் தனியான பிரதேசமொன்று ஒதுக்கப்பட வேண்டும் என பிரித்தானியப் பிரதிநிதிகள் கோரினர். பேரம் முற்றியபோது அக்கோரிக்கையை அவர்களே கைவிட்டனர். இறுதியில், 1811 இல் அனுபவித்த உரிமைகளும் உடைமைகளும் அம்மக்களுக்கு மீள வழங்கப்படும் என்று 9 ஆம் உறுப்புரை உறுதியளித்தது. அது நடைமுறைப்படுத்தப்படவில்லை. நிறைவேற்றுமாறு பிரித்தானியா வற்புறுத்தவும் இல்லை. 1830 இன் வெளியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து, செரோக்கி உள்ளிட்ட இனங்கள் பலாத்காரமாக மேற்கே விரட்டப்பட்டன.

எச்சரித்தவரும் எச்சரிக்கப்பட்டவரும்

1819 இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின் மூலம் ஸ்பெயின் புளோரிடாவைக் கையளித்தது. 1823 இல், ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட இலத்தீன் அமெரிக்க நாடுகளை ஐரோப்பிய வல்லரசுகள் மீளக் கைப்பற்றுவதைத் தடுக்கக் கூட்டுப் பிரகடனம் செய்வோம் என பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ஜோர்ஜ் கெனிங் யோசனை தெரிவித்தார். இராஜாங்கச் செயலாளர் ஜோன் குவின்சி அடம்ஸ் இதற்கு இணங்கவில்லை. அமெரிக்கா தனித்தே பேச வேண்டும் என்று அவர் வாதிட்டார். அதன் விளைவே 1823 டிசம்பர் 2 இல் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ வெளியிட்ட கோட்பாடாகும். அதனை நிலைநாட்டும் பலம் அமெரிக்காவிடம் அன்று இருக்கவில்லை. பிரித்தானியக் கடற்படையின் நலனும் அதே திசையில் இருந்தமையால் அது நிலைத்தது. ஐரோப்பியத் தலையீட்டைத் தடுக்கப் பிறந்த இக்கோட்பாடு, 1904 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் விளக்கத்துடன், அயல் நாடுகளில் அமெரிக்கா தலையிடுவதற்கான உரிமைப் பத்திரமாக மாற்றப்பட்டது.

இந்த நாற்பது ஆண்டு வரலாறு இரண்டு உண்மைகளைக் கூறுகின்றது. முதலாவது, வல்லரசுகளின் போட்டியை நிதானமாக அவதானித்து, எந்தத் தரப்பின் யுத்தத்திலும் முழுமையாக அகப்படாமல் காலத்தைத் தனதாக்கிக்கொண்ட சிறிய நாடொன்று முன்னேற முடியும் என்பதாகும். இரண்டாவது, தான் பலவீனமாக இருந்தபோது எந்த அநீதிகளுக்கு எதிராக அக்குடியரசு குரல் கொடுத்ததோ, பலம் பெற்றபோது அதே அநீதிகளைத் தன்னிலும் பலவீனமானவர்களுக்கு இழைத்தது என்பதாகும்.

மொரோக்கோவுடனான உடன்படிக்கை நிலைத்தது. கென்ற் உடன்படிக்கையின் 9 ஆம் உறுப்புரை ஏட்டுச் சுரைக்காயாகியது. முன்னையதில் இரு தரப்பினரும் நேருக்கு நேர் அமர்ந்து, தமக்காகத் தாமே பேசினர். பின்னையதில் இரண்டு அரசுகள், மேசையில் இடமளிக்கப்படாத மூன்றாவது மக்கள் கூட்டத்தினருக்காக வாக்குறுதி அளித்தன. தமது உரிமைகள் குறித்துப் பிறர் எழுதிக்கொள்ளும் உறுப்புரைகளில் நம்பிக்கை வைக்கும் எந்த மக்களும், தெகும்சேயின் மக்களுக்கு நேர்ந்ததை ஒரு தடவை வாசித்துப் பார்ப்பது நன்று.